நிறத்தை நிழலுக்குள் வையுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டின் வெளித்தோற்றம், நிறம், கூரை பற்றியவை. சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பதில்களைச் சுருக்கவில்லை.

கேள்வி (பரந்தனிலிருந்து ஒரு வாசகி): கனடாவில் இருக்கும் மகன் ஒரு வீட்டின் படம் அனுப்பியிருக்கிறார். முன்பக்கம் பெட்டி பெட்டியாக, வெள்ளை, சாம்பல், செம்மஞ்சள் என மூன்று நிறத்தில் இருக்கிறது. கூரை வெளியே தெரியவில்லை. எங்கள் காணி மேற்குப் பார்த்தது. அதே மாதிரிக் கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஆனால் அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை முதலில் கவனியுங்கள். அந்த வீட்டுக்குத் தாவாரம் இல்லை. கூரை கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மழையும் வெயிலும் நேரே சுவரில்தான் விழும். வாடையோடு வரும் நம் மாரி மழை சாய்வாக அடிக்கும். அது ஓய்ந்தால் மாதக்கணக்கில் வெயில். மேற்குப் பார்த்த செம்மஞ்சள் பெட்டி இரண்டு மாரிக்குள் கறைபடிந்து வெளிறிவிடும். பின்னேரம் முழுவதும் சுவர் வாங்கிய சூட்டை இரவில் உங்கள் படுக்கையறை வாங்கும்.

மேற்கு வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. பங்குனியிலும் புரட்டாதியிலும் பின்னேரம் 4 மணிக்குச் சூரியன் இங்கே வன்னியில் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 32 பாகையில் நிற்கும். அந்த நேரத்தில் 1 அடி நீட்டிய தாவாரம் சுவரில் ஏழரை அங்குலத்துக்குத்தான் நிழல் தரும். 3 அடி நீட்டினாலும் 2 அடி கிடைக்காது. 8 அடி அகலத்தில் விறாந்தை வைத்தால் 5 அடி நிழல் விழும். 5 மணியானால் அதே விறாந்தை இரண்டரை அடிதான் தரும். தெற்குச் சுவரின் கதை வேறு. மார்கழி நடுப்பகலில் சூரியன் 57 பாகையில் நிற்பதால் இரண்டரை அடித் தாவாரமே கிட்டத்தட்ட 4 அடி உயரத்துக்கு யன்னலை மூடிவிடும். ஆகவே மேற்கில் தாவாரத்தை மட்டும் நம்பக்கூடாது. விறாந்தை வேண்டும், அதன் முன்விளிம்பில் மேலிருந்து தொங்கும் மறைப்பு வேண்டும், 20 அடி தள்ளி ஒரு வேம்பும் நின்றால் நல்லது.

மகன் அனுப்பிய பெட்டியைக் கைவிடத் தேவையில்லை. அந்தப் பெட்டியையே விறாந்தையாக்குங்கள். வீட்டின் முன்சுவரிலிருந்து 8 அடி வெளியே வரும் கொங்கிறீற் சட்டகம்: மேலே ஒரு தட்டு, இரண்டு பக்கமும் சிறகுச் சுவர். ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கில் இறங்கும்போது வடக்குச் சிறகு அதைத் தடுக்கும். முன்விளிம்பில் தட்டிலிருந்து ஒன்றரை அடி கீழிறங்கும் மரச்சலாகைகள் வையுங்கள். மரக்காலையில் வாங்கும் 2 × 1 அங்குலப் பனஞ்சலாகை போதும். பின்னால் பிரதான கூரை வழமையான ஓடாகவே இருக்கட்டும்.

நிறத்துக்கு வருவோம். சட்டகத்தின் வெளிமுகம் வெள்ளை. செம்மஞ்சளை விறாந்தையின் உட்சுவருக்குக் கொண்டுபோங்கள். சாம்பல் நிறத்தை வாங்கவே வேண்டாம், குந்தையும் தரையையும் பூச்சுச் சீமெந்தாகவே விட்டால் அந்தச் சாம்பல் தானாகக் கிடைக்கும். வீதியில் நின்று பார்ப்பவருக்கு வெள்ளைச் சட்டத்துக்குள் ஆழத்தில் ஒரு செம்மஞ்சள் ஒளி தெரியும். வெயில் படாத நிறம் கெதியில் வெளிறாது. பெட்டியின் ஆழமும் அப்போதுதான் கண்ணில் படும். பிரான்சின் மார்செய் நகரில் 1952இல் முடிந்த, கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் பெரிய தொடர்மாடியும் இப்படித்தான் செய்யப்பட்டது. வெளிமுகம் பூசாத கொங்கிறீற். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் ஒவ்வொரு வீட்டு மாடத்தின் உட்பக்கச் சுவர்களில். பெர்லினில் 1999இல் முடிந்த, ஜி.எஸ்.டபிள்யூ. என்ற வீடமைப்பு நிறுவனத்தின் கட்டடத்தில் சௌவர்புரூக் ஹட்டன் என்ற கட்டடக்கலை நிறுவனத்தினர் மேற்கு முகத்தின் வெயில் மறைப்புகளையே இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், சிவப்பு என்று நிறமூட்டினார்கள். உள்ளே இருப்பவர்கள் மறைப்பைத் தள்ளத் தள்ள முகம் மாறிக்கொண்டிருக்கும். நிறம் அங்கே வெயிலைத் தடுக்கும் வேலையையும் செய்கிறது.

சட்டகத்தின் தட்டில் பிழைவிடும் இடங்கள் இரண்டு. மேற்பரப்புக்கு 5 அடிக்கு 1 அங்குலம் சரிவு வையுங்கள். தண்ணீர் போக 3 அங்குலக் குழாய் இரண்டு வேண்டும், ஒன்று சருகால் அடைபட்டாலும் மற்றது இழுக்கும். இரண்டாவது, தட்டின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலமும் அரை அங்குல ஆழமும் உள்ள காடி ஒன்று விட மேசனிடம் சொல்லுங்கள். பலகை அடிக்கும்போதே ஒரு சட்டத்தை வைத்தால் செலவே இல்லை. அந்தக் காடியில் தண்ணீர் சொட்டி விழுந்துவிடும். காடி இல்லாவிட்டால் தட்டின் அடியால் ஊர்ந்து உட்சுவருக்கு வரும், முதல் மாரியிலேயே கறுப்புக் கோடு இறங்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து): இரண்டு வருடத்துக்கு முன் மேற்குச் சுவருக்குக் கடுநீலம் அடித்தோம். இப்போது சாம்பல் பூசினமாதிரி வெளுத்துப்போயிருக்கிறது. கடையில் போலிப் பெயின்ற் தந்துவிட்டார்கள் என்கிறார் பெயின்ரர். உண்மையா?

பதில்: கடையைக் குற்றம் சொல்வதற்கு முன் சுவரைக் கேளுங்கள். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெளிர்நீலத் தூள் ஒட்டினால், பெயின்ற்றில் நிறத்தைப் பிடித்துவைத்திருக்கும் பசை வெயிலில் இற்றுவிட்டது என்று பொருள். கையில் நிறம் ஒட்டாமல், சுவரில் திட்டுத்திட்டாக வெள்ளைப் பஞ்சுபோலப் பூத்திருந்து, தண்ணீர் தெளித்தால் கரைந்து மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உவர். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது எல்லா நிறத்துக்கும் நடக்கும். வெள்ளைச் சுவரில் தூள் பூத்தாலும் தெரியாது, கடுநீலத்தில் சாம்பலாகத் தெரியும். கடும் நிறம் வெயிலில் அதிகம் சூடாகும், மழை பட்டதும் சட்டெனக் குளிரும். விரிந்து சுருங்கிச் சுருங்கிப் பூச்சில் மயிரிழை வெடிப்பும் வரும். இதை விரைவுபடுத்தும் பிழைகள் மூன்று: உட்சுவர்ப் பெயின்ற்றை வெளியே அடிப்பது, கூடக் காணவேண்டுமென்று தண்ணீரை ஊற்றிக் கலப்பது, நடுப்பகலில் சுடுசுவரில் அடிப்பது. சுடுசுவரில் பெயின்ற் பிடிக்குமுன் மேலே தோல் கட்டிவிடும். மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பின்னேரத்திலும் அடிக்கவேண்டும். தண்ணீரின் அளவு வாளியில் அச்சிட்டிருக்கிறது. கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவுச் சாடியால் அளக்கச் சொல்லுங்கள்.

திருத்தும் முறை: நைலோன் தூரிகையால் தேய்த்துக் கழுவி, 2 நாள் வெயிலில் காயவிடுங்கள். திரும்பவும் உள்ளங்கையால் தேயுங்கள். இன்னும் தூள் வந்தால் திரும்பக் கழுவுங்கள், இந்த இடத்தில் அவசரப்பட்டால் புதுப் பெயின்ற் பழைய தூளோடு சேர்ந்து தோலாக உரியும். வெடிப்புகளை வெளிச்சுவர்ப் புட்டியால் அடைத்து, தூளைக் கட்டிப்பிடிக்கும் வெளிச்சுவர் அடிப்பூச்சு ஒரு கை, அது காய்ந்தபின் மேற்பூச்சு இரண்டு கை.

உவரென்றால் கழுவாதீர்கள். கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். சுவரோடு சேர்ந்த குளியலறையா, வெடித்த குழாயா, நிலத்திலிருந்து ஏறும் ஈரமா? உவர்க்கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்திருந்தால் உப்புச் சுவருக்குள்ளேயே இருக்கிறது. அப்படியான பூச்சை உடைத்து நல்ல தண்ணீரில் திரும்பப் பூசுவதைவிட வேறு வழியில்லை.

எந்த நிறத்தை அடிப்பது? சீமெந்துப் பூச்சு கடுமையான காரம். இரும்பு ஒட்சைட்டில் வரும் செங்காவி, மஞ்சட்காவி, கபிலம், கறுப்பு ஆகியவை காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாது. குரோமியம் ஒட்சைட்டின் மங்கிய பச்சையும் அப்படியே. கோயில் மதிலில் காவிப்பட்டை நின்றுபிடிப்பதன் காரணம் இதுதான். கண்ணைப் பறிக்கும் ஊதா, ரோசா, எலுமிச்சை மஞ்சள் போன்றவற்றில் பல இந்தப் பரீட்சையில் தோற்றுவிடும். புதுப் பூச்சென்றால் குறைந்தது 4 கிழமை காயவிடவேண்டும். தீபாவளிக்கு முடிக்கவேண்டுமென்று புரட்டாதியில் பூசி ஐப்பசியில் பெயின்ற் அடிப்பது வன்னியில் வழமை. சுவர் காயுமுன் மழை பிடித்துவிடும். தை கடைசியிலிருந்து சித்திரை வரைதான் நல்ல காலம். சோழகம் எழும்பிவிட்டால் ஈரப் பெயின்ற்றில் புழுதி ஒட்டும்.

கேள்வி (மாங்குளம்): ஒரே சுவரில் இரண்டு நிறம் அடிக்கும்போது எந்த இடத்தில் பிரிப்பது?

பதில்: சுவர் திரும்பும் உள்மூலையில் பிரியுங்கள். வெளிமூலையில் பிரித்தால் நிறம் கடதாசிபோல ஒட்டிவைத்ததாகத் தெரியும், சுவரின் தடிப்பு மறைந்துவிடும். வெளிமூலையைச் சுற்றி நிறத்தை அடுத்த உள்மூலைவரை கொண்டுபோங்கள். சமசுவரின் நடுவிலேயே பிரிக்கவேண்டி வந்தால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே அரை அங்குலக் காடி ஒன்று இழுத்து, இரண்டு நிறத்தையும் அந்தக் காடிக்குள் முடியுங்கள். கை நடுங்கினாலும் நிழல் மறைத்துவிடும்.

கேள்வி (விசுவமட்டில் இருந்து ஒரு குடும்பத் தலைவி): வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை, சீமெந்துக்கல் அப்படியே தெரிகிறது. முழுக்கப் பூசிப் பெயின்ற் அடிக்கக் காசில்லை. குறைந்த செலவில் வடிவாக்க முடியுமா?

பதில்: முடியும். இப்படியான வீடுகள் வன்னி முழுவதும் ஆயிரக்கணக்கில் நிற்பதால் விரிவாகவே சொல்கிறோம். 550 சதுர அடி வீட்டை 22 × 25 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 94 அடி. 9 அடி உயரத்துக்கு 846 சதுர அடி, இரண்டு முகட்டு முக்கோணமும் சேர்த்து ஏறத்தாழ 970. கதவு, யன்னலுக்கு 120 கழித்தால் 850. ஒரு லீட்டர் மேற்பூச்சு வழவழப்பான சுவரில் ஒரு கைக்கு 90 சதுர அடி காணும் என்று கொண்டால், இரண்டு கைக்கு 19 லீட்டர், அதாவது 20 லீட்டர் வாளி ஒன்று. அடிப்பூச்சு இன்னும் 10 லீட்டருக்கு மேல். பூசாத கல்லில் அடித்தால் கல் உறிஞ்சும், இந்தக் கணக்கு இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். அதனால் பூசாத கல்லுக்குப் பெயின்ற் அடித்துக் காசைக் கரைக்காதீர்கள்.

கல்லைக் கல்லாகவே விடுங்கள். இடுக்குகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டி, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த மணல் சேர்த்து நிரப்பி, அரை அங்குலக் கம்பியால் உள்வளைவாக இழுங்கள். மழை அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் காசு கிடைக்கும்போது பூசுங்கள். சாம்பல் கல் அழுக்கான நிறமல்ல. அதற்குப் பக்கத்தில் நல்ல நிறம் ஒன்று இருந்தால் மிக அழகாக நிற்கும்.

அந்த ஒரு நிறத்தை விறாந்தையின் உட்சுவருக்குக் கொடுங்கள். அதைமட்டும் பூசுங்கள். 14 அடி நீளம், 8 அடி உயரம், கதவும் யன்னலும் போக 80 சதுர அடிதான் மிஞ்சும். மூன்று கை அடித்தாலும் 4 லீட்டர் கலன் ஒன்றில் முடிந்துவிடும். மஞ்சட்காவி நல்லது, பின்னேர வெளிச்சத்தில் விறாந்தை விளக்கேற்றியதுபோலிருக்கும். கதவு, யன்னல் சட்டங்களுக்குக் கடும்பச்சை எனாமல் ஒரு லீட்டர். வீடு முழுக்க ரோசா அடித்தவரைவிட உங்கள் வீடு நீண்டகாலம் வடிவாக நிற்கும்.

கேள்வி (நெடுங்கேணி): ஒவ்வொரு மாரிக்கும் சுவரின் கீழ்ப்பகுதி செம்மண் தெறித்துப் பழுதாகிறது. கறுப்புத் தார் பூசலாமா?

பதில்: தார் வேண்டாம். சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து மேலே ஏற்றும். பிறகு எந்தப் பெயின்ற்றும் அதன்மேல் நிற்காது. தண்ணீர் விழும் இடத்தைத் திருத்துங்கள். கூரையிலிருந்து நீர் விழும் கோட்டின் இருபுறமுமாக 2 அடி அகலத்தில் 4 அங்குலம் மண்ணை எடுத்து, முக்கால் அங்குலச் சல்லியால் நிரப்புங்கள். துளி கல்லிடுக்கில் விழுந்தால் தெறிக்காது. அதே இடத்தில் வழவழப்பான சீமெந்து போட்டால் தெறிப்புக் கூடும்.

அதன்பின் தரையிலிருந்து 2 அடி உயரத்துக்குச் செங்காவிப் பட்டை அடியுங்கள். மிச்சமாகத் தெறிக்கும் மண் அதில் தெரியாது. ஆனால் நிலத்தோடு ஒட்டிய 6 அங்குலத்தைப் பெயின்ற் இல்லாமல் வெறும் சீமெந்துச் சாம்பலாகவே விடவேண்டும். கறையான் ஏறும் மண்குழாய் செம்மண் நிறமாகவே இருக்கும், காவிப்பட்டையில் அது கண்ணுக்குப் படாது. சாம்பலில் விரல்தடிப்புக் கோடாகத் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து அந்த 6 அங்குலத்தைப் பாருங்கள்.

கேள்வி (மல்லாவி): கடையில் அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாக வருகிறதே?

பதில்: கடையின் குழல்விளக்கில் தீப்பெட்டி அளவு பார்த்ததை 800 சதுர அடிக்கு விரித்தால் நிறம் தூக்கலாகத்தான் தெரியும். அட்டையில் பிடித்த நிறத்திலிருந்து இரண்டு படி வெளிறியதை எடுங்கள். 1 லீட்டர் வாங்கி, வெள்ளை அடிப்பூச்சுப் போட்ட 3 அடிப் பலகையில் இரண்டு கை அடித்து, அதே சுவரில் சாத்திவைத்துக் காலை 7 மணி, நடுப்பகல், பின்னேரம் 5 மணி என்று பாருங்கள். நம் வளவு செம்மண். நடுப்பகலில் நிலத்தில் பட்ட ஒளி சிவந்து சுவரின் கீழ்ப்பாதியில் ஏறும். வெள்ளை அப்போது இளஞ்சிவப்பாகும், நீலம் கலந்த சாம்பல் ஊதாவாகத் திரும்பும். காலபோகத்தில் வயலோரத்து வீட்டுக்குப் பச்சை ஏறும். எனவே செம்மண் வளவுக்கு மஞ்சள் சாயல் கொஞ்சம் கலந்த வெள்ளைதான் எங்கள் தெரிவு. சில அட்டைகளில் நிறத்தின் பின்னால் 0 முதல் 100 வரை ஒளிதெறிப்பு எண் இருக்கும், எண் கூடினால் நிறம் வெளிர். வெயில் படும் சுவருக்கு 60க்கு மேல், 30க்குக் கீழுள்ளவை நிழலுக்கு மட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கூரைக்குக் கடுநீலச் சீற் நல்லதா, சிவப்பா?

பதில்: இரண்டும் சூடு. சீற்றென்றால் வெளிர் நிறமே போடுங்கள், கீழே சீலிங்கும் அடித்து, முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். ஓடு போட வசதியிருந்தால் ஓடு. இடுக்குகளால் சூடு வெளியேறும், காலம் போகப்போக நிறமும் இதமாகும்.

கேள்வி (துணுக்காய்): பழைய வீடுகளில் இருந்த சிவப்புச் சீமெந்து நிலம் போட ஆசை. இப்போது போட்டால் வெடிக்கும் என்கிறார்கள்.

பதில்: வெடிப்பது நிலத்தின் குற்றமல்ல, அவசரத்தின் குற்றம். 50 கிலோ சீமெந்துக்கு சிவப்பு ஒட்சைட் 5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, கூடினால் மேற்பரப்பு இளகும். முழு அறைக்கும் வேண்டிய சீமெந்தையும் ஒட்சைட்டையும் ஒரேயடியாக உலர்வாகக் கலந்து அரித்து மூடிவையுங்கள். சட்டிசட்டியாகக் கலந்தால் ஒவ்வொரு சட்டியும் ஒரு நிறம். 4 அடிக்கு 4 அடி கட்டங்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மூன்று சாந்து முக்கால் அங்குலம் போட்டு, அது இறுகுமுன் நிறக்கலவையைக் களியாக்கி ஒன்றரை நூல் (ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று) தடிப்பில் இழுக்கவேண்டும். ஈரத்தை உறிஞ்ச மேலே வெறும் சீமெந்தைத் தூவித் தேய்ப்பதுதான் சிலந்திவலை வெடிப்புக்குக் காரணம். தூவவிடாதீர்கள். மறுநாளிலிருந்து 7 நாள் ஈரச்சாக்கால் மூடி வைத்திருங்கள்.

கேள்வி (முள்ளியவளையில் இருந்து ஒரு உயர்தர மாணவி): கட்டடக்கலை படிக்க விருப்பம். நிறமும் வடிவமும் பற்றி அறிய எந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம்?

பதில்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. வரையும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

நேரில் போகக்கூடியதாகத் தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஹோட்டல் இருக்கிறது, ஜெப்ரி பாவாவின் வடிவமைப்பு. கட்டடம் தனக்கென்று நிறம் எடுத்துக்கொள்ளாமல் கொடிகளுக்கும் பாறைக்கும் இடம்விட்டு நிற்பதைப் பாருங்கள். படங்களில் பார்க்க, மெக்சிக்கோவின் லூயிஸ் பராகான். 1980இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர். வெறும் சுவர் ஒன்றுக்கு ரோசா அடித்து, அதில் மரநிழல் விழ வைப்பார். மியூனிக்கில் 2009இல் திறந்த பிரான்ட்ஹோஸ்ட் அருங்காட்சியகத்தையும் தேடுங்கள், மேலே சொன்ன சௌவர்புரூக் ஹட்டன் கட்டியது. 36,000 மட்குழல்கள், 23 நிற மெருகு, அவை வெளிர், நடுத்தரம், கடும் என்று மூன்று தொகுதி. தூரத்தில் ஒரே நிறம்போல அடங்கித் தெரியும், கிட்டப் போனால் ஒவ்வொரு குழலும் பிரியும். பாய் இழைப்பவர்கள் சாயமூட்டிய ஓலையை எந்த வரிசையில் மாற்றி மாற்றிக் கோர்க்கிறார்கள் என்று கவனித்திருந்தால் இது உங்களுக்கு உடனே விளங்கும்.

அதற்கு முன் ஒரு பயிற்சி. வற்றாப்பளை அம்மன் கோயில் வீதியில், வெள்ளையும் காவியும் மாறிமாறி வரும் சுவருக்கு முன்னால் காலை 7 மணிக்கும் நடுப்பகலுக்கும் ஒரு நாள் நில்லுங்கள். நிழல் எங்கே முடிகிறது, அந்த எல்லையில் காவி எப்படி மாறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். மூன்று நாள் செய்து, அந்தத் தாள்களைத் திகதியிட்டு வைத்திருங்கள்.